என் முதல் நெடுஞ்சவாரி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தனை நாம் நீச்சல் வீரராகவே நினைவுகூருகின்றோம். 1971ஆம் ஆண்டு பாக்குநீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்தவர் அவர். ஆயின் துவிச்சக்கர வண்டியிலும் அவர் ஆற்றிய அருஞ்செயல் ஒன்றுண்டு. 1979 மே 2ஆந் திகதி முதல் 10ஆந் திகதி வரை, கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடம் ஓயாது வண்டி செலுத்தினார். ஏழு பகல், ஏழு இரவு, அதற்கு மேலும் பத்தொன்பது மணித்தியாலம்! அத்தனை நேரமும் சில்லுகள் சுழன்றபடியே இருந்தன. கின்னஸ் நூல் அதனை உலக சாதனையாகப் பதிந்தது.

இத்தகைய சவாரி உலகுக்குப் புதிதன்று. 1891இல் பாரிசிலிருந்து பிறெஸ்ற் நகர் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் ஓட்டத்தை, சாள்ஸ் தெரோன் என்பவர் உறங்காமலே 71 மணி 22 நிமிடத்தில் முடித்து முதலாவதாக வந்தார்.

இவற்றைப் படித்த ஆர்வத்தினால், சென்ற ஆனி மாதத்தில் நானும் நண்பன் ஒருவனும் நல்லூரிலிருந்து வவுனியா சென்று மீளப் புறப்பட்டோம். போகவர ஏறக்குறைய 280 கிலோமீற்றர். ஒரு பகலும் ஓர் இரவும் எமக்கு நாமே விதித்த தவணை.

மிஷன் பாடசாலையில் படித்த எனக்கு, போட்டியென்றால் பக்கத்தில் ஓடுபவனை முந்துவது என்பதே பழக்கம். ஆனையிறவு வெளியிலே சோளகம் முகத்தில் அறைந்தது. நண்பன் குனிந்தபடி மெல்ல மிதித்தான். நானோ அவனைப் பின்தள்ளுவதிலேயே குறியாயிருந்தேன். அவன் அடிக்கடி வாழைப்பழம் தின்றதையும் உப்பிட்ட மோர் குடித்ததையும் கண்டு சிரித்தேன்.

வவுனியாவை முதலில் அடைந்தவன் நானே. பொழுதுபடும் நேரம் திரும்பினோம். புளியங்குளம் தாண்டியதும் என் பெருமை தீர்ந்தது. தசையிலும் ஈரலிலும் உள்ள மாச்சத்தின் சேமிப்பு, கடும் உழைப்பில் சில மணித்தியாலங்களிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் வழியில் உண்பதே வலுவைத் தருவது. வியர்வையோடு உப்பும் போகும். வெறுந் தண்ணீர் அதனை ஈடுசெய்யாது. உள்ளங்கைகள் மரத்தன. முதல்நாளிரவு ஆவலினால் உறங்கவுமில்லை. வீதியோர மரங்கள் மனிதராய்த் தோன்றின. மாங்குளத்துக்கு அண்மையில் ஒருமுறை கண் மூடித் திறந்தபோது வண்டி நடுவீதியில். எதிரே லொறியின் வெளிச்சம். நண்பன் கூவிய குரலே என்னை ஓரத்துக்குத் திருப்பியது.

"காணும் மச்சான், இறங்கு" என்றான்.

"நீ போ, உன்னால ஏலும்" என்றேன்.

அவன் போகவில்லை. பூட்டிய கடையொன்றின் விறாந்தையில் விடியும்வரை என்னருகே படுத்திருந்தான். அவன் கால்கள் தளரவில்லை. தவணைக்குள் வீடு சேர்ந்திருப்பான். என் அகந்தைக்கு அவன் விலை கொடுத்தான். அதுவே இன்றும் என் மனத்தை உறுத்துகின்றது.

ஆனந்தன் 1984 ஆகஸ்ட் 6ஆந் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். அத்துணிவை அளக்க நான் தகுதியுடையவனல்லேன். அவர் தம் எல்லையை விரிக்கச் சென்றவர். நானோ என் எல்லை எதுவென்றே அறியாமல், பக்கத்தில் வந்தவனைப் பார்த்துப் புறப்பட்டவன்.

எங்கள் தாய்மாருக்கு இது நன்கு தெரியும். கந்தசட்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பவர் எவரும் அயல்வீட்டாரை வெல்வதற்காக இருப்பதில்லை. தத்தம் உடலின் வலுவறிந்து, பாலோ பழமோ கொண்டு நோன்பை நிறைவேற்றுகின்றனர். நெடுஞ்சவாரியும் அத்தகையதொரு நோன்பே என்பதை, மாங்குளத்து விறாந்தையிற் கிடந்தபோதுதான் உணர்ந்தேன்.

வருகின்ற மாசியில், சோளகம் இல்லாத காலத்தில், மறுபடியும் புறப்பட இருக்கின்றோம். இம்முறை நண்பன் முன்னே, நான் பின்னே. எம்முடன் வர விரும்பும் தோழர்கள் வரலாம். மோரும் வாழைப்பழமும் நாம் கொண்டுவருவோம்.