தன்னை அறிதலும் தொழில் தேடலும்



தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியுடன் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லி வந்திறங்கியவர்கள் நம் முன்னோர். 'இவ்வேலை நம் இயல்புக்குப் பொருந்துமா?' என்று வினவும் வசதி அவர்களுக்கு இருந்ததில்லை. கிடைத்த வேலையைச் செய்தார்கள். ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். அவ்வுழைப்பின் பயனாக, அவ்வினாவை எழுப்பும் உரிமை இன்று நம் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது. அதற்கு விடை தருவதாகக் கூறும் ஆளுமைச் சோதனைகளோ கைப்பேசியிலேயே வந்துவிட்டன. அவற்றை எவ்வாறு பயன்கொள்வது என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள்.

ஆளறிந்து வினையை ஒப்புவித்தல் நமக்குப் புதிய கருத்தன்று. திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆனால், அது வினையை ஒப்புவிப்பவனுக்குக் கூறிய அறிவுரை. வேலை தேடுவோர் பக்கம் நின்று சிந்தித்தவர்களுள் முன்னோடி, அமெரிக்கரான ஃபிராங்க் பார்சன்ஸ். 1908-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றை அவர் தொடங்கினார். தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என மூன்று படிகளை வகுத்தார்.

பின்னர் ஜான் ஹாலண்ட் என்னும் உளவியல் அறிஞர், 1959-இல் வெளியிட்ட தம் கோட்பாட்டில், தொழில் நாட்டங்களை ஆறாகப் பகுத்தார். கருவிகளைக் கையாளுதல், ஆராய்தல், கலை படைத்தல், பிறர்க்கு உதவுதல், பிறரை இணங்கச் செய்து காரியம் நடத்துதல், கணக்கும் ஏடும் ஒழுங்குறப் பேணுதல் என்பன அவை. ஒருவரிடம் ஒன்று மட்டுமே அமைவதில்லை; இரண்டு மூன்று மேலோங்கி நிற்கும். ஒரே பொறியியற் பட்டம் பெற்ற இருவருள், உதவும் நாட்டமுடையவர் பயிற்சியளிக்கும் பணியிலும், ஒழுங்கு நாட்டமுடையவர் தரக்கட்டுப்பாட்டிலும் மனநிறைவு காணலாம். தேடும் எல்லையை இவ்வாறு தெளிவாக்குவதே இத்தகைய சோதனையின் பயன்.

எல்லாச் சோதனையும் ஒரு தரத்தன அல்ல. மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை பெரும்புகழ் பெற்றது. ஆயினும், சில வாரங்கள் கழித்து அதனை மீண்டும் எழுதுவோரில் பலர் வேறு வகையினராகிவிடுகின்றனர். ஆட்களைத் தேர்ந்தெடுக்க அதனைப் பயன்படுத்தலாகாது என்று அதனை வெளியிடுவோரே கூறுகின்றனர்.

நாமறிந்த இளம்பெண் ஒருத்தி இத்தகைய சோதனை ஒன்றை எழுதினாள். 'தனிமை நாடும் இயல்பினள்' என்று முடிவு வந்தது. மக்களோடு பழகவேண்டிய வேலை எதற்கும் ஓராண்டுக் காலம் அவள் விண்ணப்பிக்கவே இல்லை. ஆண்டுதோறும் நம் விழா நாடகத்துக்கு முப்பது குழந்தைகளைத் திரட்டிப் பயிற்றுவித்தவளும் அவளே! அந்தத் திறத்தைச் சோதனை கேட்கவில்லை. பார்த்திருந்த நாமும் எடுத்துச் சொல்லவில்லை. சோதனையின் குறையினும் நம் குறையே பெரிது.

ஆதலின் இளைஞர்களே, விரும்பும் வேலைக்கேற்ப விடைகளைப் புனையாமல், உள்ளபடி எழுதுங்கள். வரும் முடிவைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் வினாவாகக் கொள்ளுங்கள். 'பொறுமையுடையவர்' என்று அது கூறினால், அப்பொறுமை வெளிப்பட்ட இரு நிகழ்ச்சிகளை நினைந்து எழுதுங்கள். நினைவுக்கு வந்தால், நேர்காணலில் கூறத்தக்க சான்று அதுவே. வரவில்லையெனில், அம்முடிவை ஐயுறுங்கள். பிறகு, நாடும் தொழிலில் இருப்பவரிடம் சென்று, காலை முதல் மாலை வரை அவர் செய்வது யாது எனக் கேளுங்கள். வங்கியாளரும் மருத்துவரும் ஆசிரியரும் பொறியாளரும் இவ்வரங்கிலேயே அமர்ந்திருக்கின்றனர். கேட்க வருவோர்தாம் குறைவு.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சோதனைத்தாளைக் காட்டிப் பிள்ளையை அடக்கவும் வேண்டா. அதனைக் கிழித்தெறியவும் வேண்டா. இருபது ஆண்டுகள் உடனிருந்து கண்ட நிறைகளை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த வினாத்தாளும் அறியாத செய்தி அது.