சேற்று டயரும் வேங்கடச் சாலையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் டயரைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நாம், விடுமுறை கிடைத்ததும் வண்டியெடுத்துப் புறப்படும் திசைகளுள் ஒன்று வேங்கடம். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் குறிக்கும் அம்மலைக்கு, சித்தூர் வழியாகவும் திருப்பதி வழியாகவும் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்கிறோம். அத்தனை உயிர்களின் பாரமும் நான்கு டயர்களின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடமோ, விரித்த கையின் அளவுதான். ஆகவே இப்பொருள் நம் குடும்பங்களைத் தொடுவது.

நம் இளைஞர்களிடையே நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்பு வாங்குவோர் பெருகியிருக்கின்றனர். வாங்கியவுடன், பெரிய பற்கள் கொண்ட சேற்று டயரைப் பூட்ட வேண்டும் என்ற ஆவலும் எழுகிறது. தோற்றம் கம்பீரமாகத்தான் இருக்கிறது. பயன் எப்படி? இதனை அறிய யாம் நால்வர், சாதாரண டயர்களையும் சேற்று டயர்களையும் தனித்தனி ரிம்களில் பூட்டி எடுத்துக்கொண்டு, ஐப்பசி மழையை ஒட்டிச் சித்தூர்ப் பகுதிக்குச் சென்றோம். கண்டதை உள்ளவாறே உரைக்கிறோம்.

முதலில் டயரின் கதையைச் சிறிது பார்ப்போம். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் நம் மாட்டுவண்டிகளும் காற்று டயர் பூண்டு, ‘டயர் வண்டி’ என்றும் ‘டன்லப் வண்டி’ என்றும் பெயர் பெற்றன. சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதே பிற்காலத்தில் எம்.ஆர்.எப். டயர்த் தொழிலாக வளர்ந்தது. 2020இல் அப்பல்லோ டயர்ஸ் நிறுவனத்தின் ஆலை, அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த சின்னபாண்டூரில் டயர் செய்யத் தொடங்கியது. 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது அவ்வூர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. யாம் சோதனைக்குச் சென்ற நிலம் டயருக்கு அந்நியமானதன்று.

சேற்று டயரின் இயல்பு யாது? ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்று சொல்லும் ரப்பர்க் கட்டைகள் இதில் பெரியனவாகவும் உயரமாகவும் இருக்கும். அவற்றுக்கிடையே அகன்ற பள்ளங்கள் இருக்கும். கட்டைகள் சேற்றைத் துழாவிப் பிடிக்கும். சக்கரம் சுழலும் வேகத்தில், பள்ளத்தில் அடைந்த சேறு வெளியே வீசப்படும். இவ்வாறு டயர் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்வதே இதன் உயிர்நாடி. டிராக்டரின் பின்சக்கரத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

சித்தூர் மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. மண்ணில் பெரும்பகுதி செம்மண். அங்கே நண்பர் ஒருவரின் மாந்தோப்பில், அவருடைய இசைவு பெற்று முதற்சோதனையைச் செய்தோம். சாதாரண டயருடன் ஜீப்பு தோப்புச் சரிவில் ஏறத் தொடங்கியது. சில அடிகளுக்குள் டயரின் பள்ளங்களைச் செம்மண் சேறு நிரப்பிவிட்டது. பின்னர் அது மெழுகிய பானைபோல் வழுவழுப்பாகி நின்ற இடத்திலேயே சுழன்றது. சேற்று டயரை மாற்றிப் பூட்டியதும், அதே சரிவில் வண்டி நிதானமாக ஏறியது. மழைநாளில் பழக்கூடையோ நோயாளியோ ஏற்றிவர வேண்டிய தோட்டக்காரருக்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏறிச் சென்ற தடத்தில் ஆழமான இரு வாய்க்கால்கள் தோன்றியிருந்தன. அடுத்த மழையில் மண் அவ்வழியே அரித்துச் செல்லும் என்று தோப்புக்காரர் காட்டினார்.

அடுத்து, தோப்பின் ஓரத்து மணற்பாங்கான நிலத்தில் ஓட்டினோம். சேற்றில் வென்ற பற்கள் மணலை வாரித் தள்ளிக் குழி பறித்தன. காற்றைச் சிறிது இறக்கியபின், டயர் பரந்து படிந்து வண்டி வெளியேறியது. இதே பயன் சாதாரண டயரிலும் கிட்டியது. மணலுக்கு மருந்து காற்றழுத்தம். பல்லின் பெருமை அங்குச் செல்லாது. தார்ச்சாலைக்குத் திரும்புமுன் காற்றை மீண்டும் நிரப்புதல் கட்டாயம். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறிக் கெடும். வளைவில் ரிம்மை விட்டும் நழுவும்.

பின்னர் ஓர் ஆலையின் தார்த்தள முற்றத்தில் நீர் தெளித்து, ஒரே வேகத்தில் வந்து பிரேக் போட்டுப் பார்த்தோம். சேற்று டயர் பூண்ட வண்டி, சாதாரண டயரில் நின்ற கோட்டைத் தாண்டியே ஒவ்வொரு முறையும் நின்றது. காரணம் எளியது. பள்ளம் அகலமாக இருப்பதால் நீர் வெளியேற இடமுண்டு. ஆயினும் தார்மேல் படியும் ரப்பரின் பரப்புக் குறைவு. உயர்ந்த கட்டைகள் பிரேக்கின்போது வளைந்து நெளிகின்றன. ஈரத்தைப் பற்றுவதற்கு உதவும் நுண்ணிய கீறல்களும் இவ்வகை டயர் பலவற்றில் மிகக் குறைவு.

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அவ்வழி நெடுகிலும் சேற்று டயரின் இரைச்சல் பேச்சை விழுங்கியது. திசைமாற்றி கைக்குச் சற்றுத் தாமதமாகவே இணங்கியது. டயரின் எடையும் உருளும் தடையும் கூடுவதால் எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். தார்ச்சாலையில் பற்கள் விரைவாகத் தேய்வதும் உண்டு.

திருமலைக்கு முதல் மலைச்சாலை 1944இல் திறக்கப்பட்டது. இரண்டாவது 1974இல் அமைந்தது. இரண்டும் வளைவுகள் கொண்டவை. எம்முடன் மலைக்கு வரவிருந்த மூதாட்டி ஒருவர் அடிவாரத்தில் காத்திருந்தார். மழையோ தூறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் கண்ட அந்தக் கோடு எம் நினைவில் நின்றது. சேற்று டயர்களைக் கழற்றி, சாதாரண டயர்களைப் பூட்டிய பின்னரே மலையேறினோம். மழையில் நனைந்த வளைவில் சில அடிகள் கூடுதலாகச் சறுக்குவது, எதிரே உள்ள தடுப்புச் சுவரில் முடியும் அல்லவா?

மற்றொன்றும் கூற வேண்டும். பல ஜீப்புகளில், நான்கு சக்கர விசையை இணைத்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் கட்டுண்டு சுழலும். வளைவில் அவை வெவ்வேறு தொலைவு செல்ல வேண்டியிருப்பதால், உலர்ந்த தார்ச்சாலையில் பற்சக்கரங்களுக்குக் கேடு விளையும். வண்டியும் எளிதில் திரும்பாது. அவ்விசை சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. மலையிறங்கும்போது தாழ்ந்த கியரே துணை.

வெள்ளத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரம் வெள்ளக்காடாயிற்று, மலைச்சாலைகள் மூடப்பட்டன, இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதற்கு முந்திய திங்களில், திருப்பதி ரயில் பாலத்தின் அடியில் தேங்கிய மழைநீரில் வண்டி மூழ்கி, வழிபட வந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். எவ்வளவு பெரிய பல் இருந்தாலும், தரையை அழுத்தினால்தான் டயர் பற்றும். வண்டி மிதக்கத் தொடங்கியபின் பற்றுதற்கு எதுவுமில்லை. ஆழம் தெரியாத நீரில் இறங்கச் சேற்று டயர் உரிமைச்சீட்டன்று.

நம் உழவர் இவ்வுண்மையை முன்னரே அறிவர். நஞ்சையில் உழும்போது டிராக்டருக்குக் கேஜ் வீல் பூட்டுவர். அதனோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை பாழாகும் என்பதால், வயலை விட்டு ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். வயலுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்னும் அந்த அறிவே நமக்கும் வழிகாட்டி.

ஆதலால் இளைஞர்களே! ஆண்டில் எத்தனை நாள் சேற்றில் செல்கிறோம், எத்தனை நாள் தார்ச்சாலையில் செல்கிறோம் என்று முதலில் கணக்கெடுங்கள். நாள்தோறும் சேற்றில் உழைப்பவர் சேற்று டயரைத் தயங்காமல் பூட்டலாம். இரண்டும் கலந்து செல்வோருக்கு, இருவகைப் பாதைக்கும் இடைநிலையாகச் செய்யப்படும் டயர்கள் உள்ளன. வண்டிக்குக் குறித்த அளவை மீறாதீர்கள். நான்கும் ஒரே அளவாக, ஒரே வகையாக இருக்கட்டும். 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலக் காட்டுக்குள் தடம் பதிக்கும் ஆவலையும் விட்டுவிடுங்கள். செம்மரம் வளரும் அம்மண் நம் விளையாட்டுக் களமன்று.

பின்னிருக்கையில் தாய் தந்தையர் அமர்ந்திருக்க, பெருமைக்காக டயர் தேர்ந்தெடுத்தல் தகாது. போகும் பாதைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். நலமே சென்று நலமே மீளுங்கள்.