முதலில் விரைவோர்க்கு ஓர் உயில்

(தசலட்சணப் பருவத்தின் எட்டாம் நாளாகிய உத்தம தியாக நாளில் ஆற்றிய உரை)



தியாகம் என்றவுடன் உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களே நம் நினைவுக்கு வரும். ஜினசேனாசாரியார் ஆதிபுராணத்தில் வேறொரு பகுப்பையும் தருகிறார்: தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி. அஞ்சி நிற்கும் உயிர்களின் அச்சத்தை இரக்கத்தால் நீக்குவது தயாதத்தி. இல்லறத்தான் தன் குடும்பப் பொறுப்பையும் பொருளையும் முறையாக வழித்தோன்றலிடம் ஒப்படைப்பது அன்வயதத்தி. சொத்தைச் செவ்வனே கைமாற்றுவதும் தானத்துள் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பது கருதத்தக்கது. இவ்விரண்டையும் ஒருங்கே ஆற்றக்கூடிய ஒரு பணியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவது பரிக்கிரக பரிமாணம். நிலம், மனை, பொன், தானியம் என வகைப்படுத்தி, இவ்வளவு போதும் என வரையறுப்பது அவ்விரதம். வரையறுக்க வேண்டுமாயின் முதலில் எண்ணியாக வேண்டும். அவ்வாறு எண்ணி எழுதிய பட்டியல்தான் உயிலின் முதற்பக்கம். எழுதிவைத்தலும் நமக்குப் புதிதன்று. இதே தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில், தீர்த்தங்கரர் திருவுருவங்களின் அடியில், அவற்றைச் செய்வித்தோரின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் இன்றும் நிற்கின்றன. ஆயினும் நம்மில் எத்தனை பேர் உயில் எழுதியிருக்கிறோம் என்று இந்த அவையில் கேட்டால், உயரும் கைகள் சிலவாகவே இருக்கும் என அஞ்சுகிறேன்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் உயிர்நீத்தனர். அதன்பின் தெற்குக் கரோலினா மாநிலத்து வழக்கறிஞர் ஆண்டனி ஹேய்ஸ், தம் ஊர்த் தீயணைப்புத் துறையினரிடம் சென்று, தாம் செய்யக்கூடியது யாது என வினவினார். அவர்களுள் பெரும்பாலோர் உயிலே எழுதியிருக்கவில்லை என்பது தெரியவந்தது. பிறரைக் காக்க எரியும் வீட்டினுள் நுழைபவர், தம் வீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை! அவர்களுக்குக் கட்டணமின்றி உயில் எழுதித் தரும் பணி, 'வில்ஸ் ஃபார் ஹீரோஸ்' என்னும் பெயரில் அங்கே தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவியது.

நம் நாட்டில் இடர் வந்தால் முதலில் விரைபவர் யாவர்? தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையினரும் காவலரும் உளர். சீருடை அணியாத ஒரு கூட்டமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை மூழ்கியபோது, கடற்கரையிலிருந்து படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டோருள் மீனவரும் இருந்தனர். 2015இல் சென்னையிலும், 2018இல் கேரளத்திலும் அவ்வாறே. கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தாலோ முதலில் சென்று சேர்வது அடுத்த வள்ளம்தான்.

விளாத்திகுளம் வட்டத்தில், வைப்பாறு கடலோடு கலக்கும் இடத்தருகே உள்ளது கீழவைப்பார். முத்துக்குளித்த பழங்கரை. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பும் மீன்பிடிப்பும் தொடர்கின்றன. இத்தகைய கரையூர்களில் வள்ளம், இயந்திரம், வலை, வணிகரிடம் பெற்ற முன்பணம் எனக் கணக்கெல்லாம் பெரும்பாலும் வாய்க்கணக்கு. கணக்கை அறிந்தவர் கடலில் மறைந்தால் கணக்கும் மறையும். உடல் கிடைக்காவிடில் துன்பம் இரட்டிக்கும். 7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தியே இல்லாதிருந்தால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பொதுச்சட்டம். 2017இல் ஒக்கிப் புயலில் காணாமற்போன மீனவர் குடும்பங்களின் வேதனையைத் தமிழகமே கண்டது.

சட்டத்தில் ஒரு நுட்பத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நாம் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். நம்மில் ஒருவர் உயிலின்றி இறந்தால் மனைவி, மக்களோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. கடற்கரை மக்களோ பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்களுக்கு உரியது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கையில் பெற்ற தாய்க்கு ஒன்றுமில்லை! மகனையே நம்பியிருந்த மூதாட்டிக்கு ஒரு பங்கு வேண்டுமாயின், அம்மகன் எழுதிவைத்திருக்க வேண்டும்.

எழுதுவது எளிது. முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமன்று. இரு சாட்சிகள் முறைப்படி கையொப்பமிட்டால் போதும். ஆனால் அவர்களுக்கு மட்டும் பொருந்தும் இரண்டு கண்ணிகள் உள்ளன. சாட்சியாகக் கையொப்பமிட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் விட்ட கொடை செல்லாது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணத்தால் நீங்கிவிடும். இந்து, சமண உயில்களுக்கு இவ்விதிகள் இல்லை. நம் பழக்கத்தைக் கொண்டு அங்கே எழுதித்தரப் புகுந்தால் நன்மைக்குப் பதில் கேடே விளையும். ஆகவே அச்சட்டம் அறிந்த வழக்கறிஞர் உடனிருத்தல் இன்றியமையாதது.

கொல்லாமையை உயிராகக் கொண்ட நாம் மீன்பிடிப்போர்க்கு உதவலாமா என்று பெரியவர் சிலர் தனியே என்னிடம் கேட்டனர். முறையான கேள்விதான். அத்தொழிலை நாம் ஏற்கவில்லை, ஏற்கவும் இயலாது. வலைக்கும் வள்ளத்துக்கும் பணம் கொடுக்கும்படியும் நான் கேட்கவில்லை. பெறுபவரின் தகுதியை ஆராய்வது பாத்திரதத்தியில். தயாதத்தியில் ஆராய வேண்டியது அச்சம் ஒன்றையே. தந்தையை இழந்த குழந்தையின் பங்கை உறுதிசெய்யும் ஒரு தாள், எந்த உயிர்க்கு ஊறு செய்யும்? மாறாக, வெள்ளத்தில் நம்மவரை ஏற்றிக்கொண்ட படகு, ஏறியவரின் சமயத்தைக் கேட்கவில்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் பேரிடரால் பாதிக்கப்பட்டோர்க்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமையுண்டு. 15100 என்னும் எண்ணில் அழைக்கலாம். ஆனால் விதவையான பின்னரே அவ்வுதவியைப் பெரும்பாலோர் நாடுகின்றனர். கணவன் இருக்கும்போதே சென்று எழுதித்தரும் பணியில் நாம் துணைநிற்கலாம்.

அறக்கட்டளைப் பெரியோர்க்கு என் விண்ணப்பம் இதுவே. நம் குடும்பங்களில் வழக்கறிஞர்கள் உளர். பதிவுத்துறையிலும் வருவாய்த்துறையிலும் பணியாற்றி ஓய்வுபெற்றோர் உளர். அழகாகத் தமிழ் எழுதவல்ல ஆசிரியர்கள் பலர். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இசைவோடு, முதலில் ஒரு தீயணைப்பு நிலையத்திலும், அடுத்துக் கீழவைப்பாரிலும் ஒவ்வொரு நாள் அமர்வோம். ஞாயிற்றுக்கிழமையில் அக்கரையில் கடலுக்குச் செல்வதில்லை. பங்குத்தந்தையின் ஒப்புதல் பெற்றுத் திருப்பலிக்குப் பின் தொடங்கலாம். வர இசைவோர் இன்றே தம் பெயரைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அவர்கள் புறப்படுமுன் தத்தம் உயிலையும் எழுதி முடித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் விதிக்கிறேன்.