பட்டாளக் கூட்டும் நாட்டின் சுயமரியாதையும்

(கும்மிடிப்பூண்டித் தொழிலாளத் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஒரு நாடு பெரிய நாடு ஒன்றோடு பட்டாளக் கூட்டு வைத்துக்கொண்ட பிறகு, அதை விட்டு விலகலாமா கூடாதா என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இது அய்ரோப்பாக்காரன் வழக்கு, சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிற நமக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சீமையே அப்படிப்பட்ட ஒரு கூட்டுக்குக் கூலியாகக் கைமாறின பூமிதான்.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, பிரெஞ்சுக்காரனுக்குப் பயந்து இங்கிலீஷ் கம்பெனிப் பட்டாளத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அதற்குப் பிரதியாக 1763-இல் செங்கற்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்குக் கொடுத்தார். பொன்னேரிப் பக்கத்து ஊர்களும் அதில் சேர்ந்தவையே. உழுகிற குடியானவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? 1780-இல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது சூறையானதும் இதே ஜாகீர்தான். நவாப் வம்சமாவது பிழைத்ததா என்றால், 1801-இல் ராஜ்யத்தையே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, வருமானத்தில் அய்ந்தில் ஒரு பங்கு வாங்கிச் சாப்பிடும் யோக்கியதைக்கு வந்து சேர்ந்தது. காவலுக்கு வந்தவன் வீட்டுக்காரனான சங்கதி இது.

சரி, விலகினால் என்ன ஆகும்? அதற்குச் சாட்சி கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. இலங்கைக்குச் சுதந்திரம் 1948 பிப்ரவரி 4-இல் வந்தது. ஆனால் 1947 நவம்பரிலேயே டி. எஸ். சேனநாயகா இங்கிலாந்தோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துவிட்டார். திருகோணமலையில் இங்கிலீஷ் கப்பற்படை, கட்டுநாயகாவில் இங்கிலீஷ் விமானப்படை. எத்தனை வருஷத்துக்கு என்று கெடுவும் கிடையாது! இது என்ன சுதந்திரம் என்று கேட்டு ருஷ்யா குறுக்கே நின்றது. அய்க்கிய நாடுகள் சபையில் இலங்கைக்கு 1955 டிசம்பரில்தான் இடம் கிடைத்தது.

1956-இல் பதவிக்கு வந்த பண்டாரநாயகா தளங்களைத் திருப்பிக் கேட்டார். 1957 அக்டோபரில் திருகோணமலையும் நவம்பரில் கட்டுநாயகாவும் கைக்கு வந்தன. வெள்ளைக்காரன் போனால் இந்தியா விழுங்கிவிடும் என்று அங்கே பயந்தவர்கள் உண்டு. தாயத்தை அவிழ்த்தால் பேய் பிடிக்கும் என்கிற புத்திதான்! அவிழ்த்தார்கள், எந்தப் பேயும் வரவில்லை. இங்கிலாந்தோடு தேயிலை வியாபாரமும் நிற்கவில்லை. 1971-இல் உள்நாட்டுக் கிளர்ச்சி வந்தபோது, எந்தக் கூட்டிலும் இல்லாத அந்தச் சர்க்காருக்கு இந்தியா, பாகிஸ்தான், இங்கிலாந்து, அமெரிக்கா, ருஷ்யா எல்லாரும் உதவி அனுப்பினார்கள். (அந்த உதவி ஏழைப் பிள்ளைகள் மேல் பாய்ந்தது என்பது வேறு வயிற்றெரிச்சல்.)

ஆகவே, ஆபத்துக்குத் துணை தேடுவதை நாம் குறை சொல்லவில்லை. கெடு இல்லாத, குடிமக்களைக் கேளாத, விலக வழியில்லாத துணைக்கு அடிமை முறி என்றுதான் பெயர். அதை விட்டு ஒரு நாடு தாராளமாய் விலகலாம் என்பதே நம் அபிப்பிராயம்.

“1987-இல் இந்தியப் பட்டாளம் அங்கே போயிற்றே?” என்பீர்கள். போயிற்று, இலங்கைச் சர்க்கார் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் போய், 1990 மார்ச்சில் திரும்பிற்று. ஆனால் அந்த நிலைமை எங்கே துவங்கிற்று என்று பாருங்கள். வெள்ளையனை அனுப்பிய அதே 1957-இல், ஜூலை மாதம், பண்டாரநாயகா தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடும் ஓர் ஒப்பந்தம் செய்தார். 1958 ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் அதைக் கிழித்துப் போட்டார். பெரிய வல்லரசுப் பட்டாளத்தை மூட்டை கட்டச் சொன்னவருக்குக் காவித்துணியை எதிர்க்கத் தைரியம் வரவில்லை! அடுத்த வருஷம் அவரைச் சுட்டவனும் ஒரு பிக்குவே.

இந்த ஊர் முகாமில் ஈழத்துச் சகோதரர்கள் இருக்கிறார்கள். இங்கிலீஷ் கப்பற்படை திருகோணமலையை விட்டுப் போனதால் ஓடிவந்தோம் என்று அவர்களில் ஒருவராவது சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.