படியாத நூலைப் பழித்தல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்தாரை இழித்துரைப்பதாகக் கூறப்படும் நூலொன்றைக் கண்டித்து இன்று தீர்மானம் நிறைவேற்றக் கருதியிருப்பதாகச் செயலாளர் கூறினார். அதற்கு முன், யான் செய்த பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பெருமாள்முருகன் இயற்றிய 'மாதொருபாகன்' என்னும் நாவல் 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நான்காண்டு கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதன் படிகளைக் கொளுத்தினர். 2015 ஜனவரியில் கடையடைப்பும் நிகழ்ந்தது. தேர்த்திருவிழா இரவைக் கூறும் சில பக்கங்களின் நகல் அந்நாளில் என் கைக்கும் வந்தது. வாசித்தேன், கொதித்தேன், கண்டன விண்ணப்பமொன்றிற் கையொப்பமிட்டேன். பெயரின்கீழ்த் 'தமிழாசிரியர்' என்றும் பொறித்தேன்!

பின்னர் ஒரு கோடை விடுமுறையில் நூல் முழுவதையும் வாசித்தேன். காளி, பொன்னா என்னும் இருவர் நெடுநாள் மகப்பேறில்லாதவர். ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்தவர். உறவினர் அவர்களைச் சொல்லாற் சுடுகின்றனர். மங்கல வினைகளிற் பொன்னாளை விலக்குகின்றனர். காளிக்கு மறுமணம் பேசுகின்றனர். நகலில் இவையொன்றும் இல்லை. பிள்ளையில்லாத என் சிற்றன்னையை எங்கள் வீட்டு வளைகாப்புக்கு அழையாது விட்ட நாள் என் நினைவுக்கு வந்தது. அதன்பொருட்டு எவரும் கடையடைத்திலர்.

ஊர்ப்பெயர் குலப்பெயர் சுட்டியெழுதியதால் மனம் புண்பட்டது என்பாரை யான் பொய்யர் என்னேன். புண்பட்டவர் மறுத்தெழுதலாம், நம் முன்னோர் அதில் வல்லவர். குண்டலகேசியை மறுக்க எழுந்தது நீலகேசி. மூலநூல் முழுதும் நமக்குக் கிட்டவில்லை. அதைப்பற்றி இன்று நாம் அறிவதில் ஒரு பகுதி, மறுத்த நூலின் உரையால் அறிவதே. அத்துணை நுணுகிக் கற்றன்றோ மறுத்தனர்!

2015 ஜனவரி 12-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பின், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துபட்டான் என்று அவ்வாசிரியர் அறிவித்தார். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5-இல் தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுதலானார். என் கையொப்பமோ அவ்விண்ணப்பத்தில் அப்படியே உள்ளது.

இன்று கண்டிக்கக் கருதிய நூலை விலைகொடுத்து வாங்கி வந்துள்ளேன். இதோ, நம் சங்க நூல்நிலையத்திற்கு அளிக்கிறேன். தீர்மானத்தை இரண்டு திங்கள் ஒத்திவைக்குமாறு அவைத்தலைவரை வேண்டுகிறேன். வாசித்தபின் மறுப்பு வேண்டுமெனின், அதை எழுதித்தர யான் கடமைப்பட்டவன்.