பதக்கத்துக்கு முன் ஒரு முழு விடை

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, கல்லூரிக் கணித மன்றத்தில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கணிதப் போட்டிக்கு ஆயத்தமாகும் தங்கைகளிடம் உங்கள் இலக்கு என்னவென்று நாம் கேட்டோம். பலரும் "பதக்கம்" என்றார்கள். ஆசை நல்லதே. ஆனால் பதக்கத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பதை மற்றவர்களின் விடைகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. உங்கள் கையில் உள்ள ஓர் இலக்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

1959இல் ருமேனியாவில் ஆரம்பமான சர்வதேச கணித ஒலிம்பியாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாட்டிலிருந்து ஆகக்கூடியது ஆறு பேர் பங்குபற்றலாம். இரண்டு நாட்கள், நாளொன்றுக்கு நாலரை மணித்தியாலம், மூன்றே வினாக்கள். ஒரு வினாவுக்கு 7 புள்ளிகளாக மொத்தம் 42. பங்குபற்றுவோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கே பதக்கம் கிடைக்கும். ஆனால் பதக்கம் கிடைக்காவிட்டாலும், ஏதாவது ஒரு வினாவுக்கு முழுமையாக 7 புள்ளி பெற்றவருக்குக் கௌரவச் சான்று உண்டு. ஆறில் ஒன்றையாவது முழுமையாகச் செய்வதை உலகமே மதிக்கிறது. அதுவே உங்கள் முதல் இலக்காகட்டும்.

எமது பரீட்சைகள் வேகத்தைப் பழக்குகின்றன. போட்டியோ பொறுமையையும் நிறுவலையும் கேட்கிறது. ஓர் எளிய உதாரணம்: 1 முதல் 100 வரையான எண்களில் விரும்பிய 51ஐத் தெரிவு செய்யுங்கள். அவற்றுள் அடுத்தடுத்து வரும் இரண்டு எண்கள் கட்டாயம் இருக்கும். ஏன்? பத்து முறை தெரிவு செய்து பார்ப்பது நிறுவல் ஆகாது. எண்களை 1-2, 3-4 என 99-100 வரை சோடி சேருங்கள். 50 சோடிகள் வரும். 51 எண்களை எடுத்தால், ஏதோ ஒரு சோடியின் இரண்டு எண்களும் அதில் அகப்பட்டே தீரும். சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு யோசனை போதுமாயிருந்தது.

ஆயத்தம் செய்யும் முறையும் இதையொட்டியே அமைய வேண்டும். அட்சரகணிதம், கேத்திரகணிதம், எண் கோட்பாடு, சேர்மானவியல் என்ற நான்கு பகுதிகளிலும் கடந்தகால வினாக்களைத் தேடுங்கள். கிழமைக்கு ஒரு கடினமான வினா போதும். விடையை உடனே பார்க்காதீர்கள். பிழைத்துப்போன முயற்சிகளையும் கொப்பியில் வைத்திருங்கள். முடித்த விடையைத் தோழியிடம் கொடுத்து, ஓட்டை எங்கே என்று தேடச் சொல்லுங்கள். மொழியை எண்ணித் தயங்க வேண்டாம். சர்வதேசப் போட்டியிலும் அவரவர் மொழியில் விடை எழுதலாம்.

ஈரானின் மரியம் மிர்சாகானிக்கு இளவயதில் ஓர் ஆண்டு கணிதம் சரிவரவில்லை. கற்பித்த ஆசிரியையும் அவரிடம் திறமை இருப்பதாக நினைக்கவில்லை. பின்னர், தெஹ்ரானில் பெண்கள் பாடசாலையில் படித்த காலத்தில், கணினி ஒலிம்பியாட் தெரிவுப் போட்டியின் ஆறு வினாக்கள் அவருக்கும் அவருடைய தோழிக்கும் கிடைத்தன. மூன்று மணித்தியாலத்தில் செய்ய வேண்டிய அவற்றில் மூன்றைச் செய்யவே அவர்களுக்குப் பல நாட்கள் பிடித்தன. அந்த மூன்றே அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி தந்தன. உடனே அதிபரிடம் சென்று, ஆண்கள் பாடசாலையில் நடப்பது போன்ற வகுப்பு எமக்கும் வேண்டும் என்றார்கள். அதிபர் இணங்கினார். 1994இல் ஈரான் அணியில் இடம்பெற்ற முதற் பெண்கள் அவ்விருவருமே. மிர்சாகானி அவ்வாண்டு தங்கம் வென்றார். மறு ஆண்டு 42க்கு 42 பெற்றார். 2014இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதற் பெண்ணும் அவரே.

அந்த அதிபர் திறந்த கதவை இங்கும் திறக்க வேண்டியது எமது கடமை. பரிசளிப்பு விழாவில் கணிதத்தில் அதிகூடிய புள்ளி பெறும் மாணவிக்குச் சங்கம் பரிசு வழங்கி வருகிறது. அது தொடரும். அத்துடன், ஒரு கடினமான வினாவுக்கு முழு நிறுவல் எழுதி மன்றத்தின் முன் விளக்கும் ஒவ்வொரு மாணவிக்கும் இவ்வாண்டு முதல் சான்றிதழ் வழங்கத் தீர்மானித்துள்ளோம். முதலிடம் ஒருத்திக்கே உரியது. இச்சான்றிதழுக்கு அத்தகைய எல்லை இல்லை. எத்தனை பேர் எழுதினாலும் அச்சிட்டுத் தர நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கைகளே, கொப்பியைத் திறவுங்கள்.