ரமா கூறிய சாட்சி



நாம் குடியேறி வாழும் இவ்வங்கநாட்டின் சரத்சந்திரர் 1916-இல் வெளியிட்ட ‘பல்லி சமாஜ்’ புதினத்தில், மழைநீர் தேங்கி 100 பிகா வயல் மூழ்குகிறது. கரையை வெட்டினால் 200 ரூபாய் மீன் போகுமென்று மறுக்கிறாள், ஜமீன் வீட்டு இளம் விதவை ரமா. அவள் உள்ளத்தில் உறையும் ரமேசனோ, காவலுக்கு வந்த தடியாள் அக்பரை வீழ்த்திக் கரையை வெட்டிவிடுகிறான். குருதி சொட்ட நின்ற அக்பர், சர்தார் என்னும் தன் பெயருக்கு இழுக்கென்று போலீசில் புகார் கூற மறுத்தான். பின்னொரு வழக்கில் ரமேசன் சிறை செல்லச் சாட்சி கூறியவள் ரமாவே!

கல்நெஞ்சக்காரியா? அல்லள். தடியேந்தியவனுக்கு ஊர்வாய் அச்சமில்லை; விதவைக்கு அதுவே கோர்ட்டு, அதுவே தண்டனை. வயலை மூழ்கடித்த கரையினும் அது உயரமானது, வெட்டுவார்தாம் இல்லை. முடிவில் தன் தம்பி யதீனை ரமேசனிடமே ஒப்படைத்துவிட்டு அவள் காசிக்குப் புறப்படுகிறாள்.